டே கேர் ஆபரேஷனுக்கு முன் வலி மாத்திரை: எது, எப்போது, யாருக்கு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹெர்னியா, ஹைட்ரோசீல், மூலம், ஞானப்பல், கொழுப்புக் கட்டி, பித்தப்பைக் கல், சிறுவர்களுக்குச் சுன்னத்து. காலையில் வந்து ஆபரேஷன் முடித்து அன்று சாயங்காலமே வீடு திரும்புவது நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் இப்போது சாதாரணம். அப்படி வருகிறவர்களைத் தியேட்டருக்கு அனுப்பும் முன் தயார்செய்யும் நர்ஸ் நான். இரண்டு மாத்திரையும் ஒரு மடக்குத் தண்ணீரும் கையில் கொடுக்கும்போது வரும் கேள்விகளுக்கு நின்று பதில் சொல்ல அங்கே நேரம் கிடைப்பதில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். நான் சொல்லும் அளவுகள் பொதுவானவை. உங்களுக்கு எது சரி என்பதை உங்கள் சர்ஜனும் மயக்க டாக்டரும்தான் முடிவு செய்ய வேண்டும்.

கேள்வி: இன்னும் ஆபரேஷனே நடக்கவில்லை, வலியும் இல்லை. இப்போது எதற்கு இந்தக் குளிகை?

மாத்திரை விழுங்கியதும் வேலை செய்யாது. வயிற்றில் கரைந்து, குடல் வழியாக ரத்தத்தில் கலந்து, வலியைக் குறைக்கும் அளவுக்கு வர முக்கால் மணி, ஒரு மணி நேரம் ஆகும். சில மருந்துகளுக்கு இரண்டு மூன்று மணி நேரம்கூட ஆகும். நீங்கள் கண் விழிக்கும்போது மருந்து உடம்பில் தயாராக இருக்க வேண்டுமென்றால் முன்னாலேயே விழுங்கியிருக்க வேண்டும். ஆபரேஷன் முடிந்த பிறகு கொடுக்கலாமே என்றால், அப்போது பலருக்குக் குமட்டல் இருக்கும், மாத்திரை வெளியே வந்துவிடும்.

இன்னொரு காரணமும் சொல்வார்கள். தோலை அறுத்த இடத்தில் புராஸ்டாகிளாண்டின் என்ற பொருள் சுரந்து நரம்பு நுனிகளைக் கூர்மையாக்குகிறது. காயத்திலிருந்து விடாமல் வரும் தூண்டலால் தண்டுவட நரம்புகளும் அளவுக்கு மீறித் துடிக்கத் தொடங்குகின்றன என்பதை கிளிஃபோர்ட் உல்ஃப் 1983-இல் விலங்குச் சோதனையில் காட்டினார். அப்படியானால் வலி கிளம்பும் முன்பே தடுத்துவிடலாமே என்ற எண்ணம், 1988-இல் பேட்ரிக் வால் எழுதிய தலையங்கத்துக்குப் பிறகு மயக்க டாக்டர்களிடையே வேகமாகப் பரவியது. ஆனால் நோயாளிகளிடம் நடந்த ஆய்வுகளை 2002-இல் தொகுத்துப் பார்த்தபோது, ஒரே மருந்தைக் கத்தி வைப்பதற்கு முன் கொடுப்பதற்கும் பின் கொடுப்பதற்கும் வலியில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. முன்கூட்டியே மாத்திரை போட்டால் வலியே வராது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கிடைக்கும் நன்மை வேறு. விழிக்கும்போது வலி கட்டுக்குள் இருக்கிறது, மார்ஃபின் வகை ஊசி குறைவாகத் தேவைப்படுகிறது. அந்த ஊசி குறைந்தால் வாந்தி குறையும், தூக்கக் கலக்கம் சீக்கிரம் தெளியும், சாயங்காலம் எழுந்து நடந்து வீட்டுக்குப் போகலாம். டே கேர் நோயாளிக்கு இது சின்ன விஷயம் இல்லை.

கேள்வி: என்னென்ன மாத்திரைகள் கொடுப்பார்கள்? ஒன்றுக்கொன்று என்ன வித்தியாசம்?

முதல் இடம் பாராசிட்டமாலுக்கு. பெரியவர்களுக்கு வழக்கமாக 1 கிராம், அதாவது 500 மி.கி. மாத்திரை இரண்டு. எடை 50 கிலோவுக்குக் கீழே இருந்தால் டாக்டர் அளவைக் குறைப்பார். ‘இது காய்ச்சல் மாத்திரை அல்லவா, ஆபரேஷனுக்கு இது காணுமா?’ என்று முகம் சுளிப்பவர்கள் நிறைய. சரியான அளவில் கொடுத்தால் நல்ல வலி மருந்து அது. வயிற்றைப் புண்ணாக்காது, ரத்தம் உறைவதைக் கெடுக்காது. கல்லீரல் நன்றாக உள்ள எவருக்கும் பெரும்பாலும் பயமின்றிக் கொடுக்கலாம்.

அடுத்தது ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக், அசெக்ளோஃபெனாக், நாப்ராக்சன் என்ற கூட்டம். இவை புராஸ்டாகிளாண்டின் உற்பத்தியையே தடுப்பவை. அதனால் வீக்கத்தோடு வரும் வலிக்கு, அதாவது பல் பிடுங்கிய தாடைக்கும் ஹெர்னியா தைத்த தொடையிடுக்குக்கும், பாராசிட்டமாலைவிட நன்றாகக் கேட்கும். ஆனால் அதே புராஸ்டாகிளாண்டின்தான் இரைப்பையின் உள்தோலைக் காக்கிறது, சிறுநீரகத்துக்கு ரத்தம் போகும் குழாயைத் திறந்து வைக்கிறது. வலியைத் தடுக்கும்போது இந்தக் காவலையும் கொஞ்சம் எடுத்துவிடுகிறோம். இந்த வகை மருந்துகளைப் பற்றிய எச்சரிக்கைகள் பெரும்பாலும் இந்த ஒரு காரணத்திலிருந்து வருபவை.

மூன்றாவது செலிகாக்சிப், எட்டோரிகாக்சிப். வேலை அதேதான், ஆனால் இரைப்பைக்குத் தொல்லை குறைவு, ரத்தம் உறைய உதவும் ரத்தத் தட்டுகளைத் தொடுவதில்லை. செலிகாக்சிப் சுமார் 12 மணி நேரமும் எட்டோரிகாக்சிப் ஒரு நாள் முழுக்கவும் தாங்கும். காலையில் போட்ட மாத்திரை ராத்திரி வரை நிற்பதால் டே கேர் நோயாளிகளுக்கு டாக்டர்கள் இவற்றை விரும்பி எழுதுகிறார்கள். குறை என்னவென்றால் இதயம். இதே குடும்பத்தைச் சேர்ந்த ரோஃபிகாக்சிப், மாரடைப்பு அபாயம் தெரிந்ததால் 2004-இல் சந்தையிலிருந்து எடுக்கப்பட்டது. மாரடைப்பு வந்தவர், ஸ்டென்ட் வைத்தவர், பக்கவாதம் வந்தவர் ஆகியோருக்குச் செலிகாக்சிப்போ எட்டோரிகாக்சிப்போ வேண்டாம். டைக்ளோஃபெனாக்கும் அந்தப் பட்டியலில்தான். பிரஷர் 140/90-க்கு மேலே நின்று கட்டுப்படாமல் இருந்தால் எட்டோரிகாக்சிப் கூடாது.

கடைசியாக, மார்ஃபின் போல வேலை செய்யும் டிரமடாலும் நரம்பு வலிக்கு உள்ள பிரிகாபலின் போன்றவையும். அவற்றுக்குத் தனியாகப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: இதில் எது வலுவானது?

‘எனக்கு நல்ல பவர் உள்ளதாகக் கொடுங்க சிஸ்டர்’ என்று கேட்பவர்கள் பெரும்பாலும் மனதில் வைத்திருப்பது டிரமடாலை. ஆய்வுகள் சொல்வது வேறு மாதிரி.

மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி ஒப்பிடும் காக்ரேன் அமைப்பு, ஆபரேஷன் வலிக்கு ஒரே ஒரு வேளை வாய்வழி மருந்து எவ்வளவு கேட்கிறது என்பதை 2015-இல் தொகுத்து வெளியிட்டது. அதில் ஒரு கணக்கு வரும். மருந்தே இல்லாத வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டால், கூடுதலாக ஒருவருக்கு வலி பாதியாகக் குறைய எத்தனை பேருக்கு மருந்து கொடுக்க வேண்டும் என்பதே அந்தக் கணக்கு. எண் சிறியதாக இருந்தால் மருந்து நல்லது. பாராசிட்டமால் 1 கிராமுக்கு அது சுமார் 3.6. ஐபுபுரூஃபன் 400 மி.கி.க்கு 2.5. எட்டோரிகாக்சிப் 120 மி.கி.க்கு 2-க்கும் கீழே. ஐபுபுரூஃபன் 200 மி.கி.யையும் பாராசிட்டமால் 500 மி.கி.யையும் சேர்த்துக் கொடுத்தால் 1.6. டிரமடால் 100 மி.கி.க்கு, வேறு தொகுப்புகளின்படி, ஏறக்குறைய 5. மார்ஃபின் வகையைச் சேர்ந்த கோடீன் 60 மி.கி.க்கு 12.

அதாவது இரண்டு சாதாரண மாத்திரைகளைக் குறைந்த அளவில் சேர்த்துக் கொடுத்தது, ‘பவர்’ மாத்திரையைத் தாண்டிவிட்டது. பாராசிட்டமாலும் ஐபுபுரூஃபனும் வலியை வெவ்வேறு வழியில் குறைப்பதால் ஒன்றுக்கொன்று கைகொடுக்கின்றன. ஒரு விஷயத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை ஞானப்பல் எடுத்தவர்களிடம், வலி தொடங்கிய பிறகு மருந்து கொடுத்துச் செய்தவை. உங்கள் ஹெர்னியாவுக்கு அந்த எண் அப்படியே பொருந்தும் என்று சொல்ல முடியாது. ஆனாலும் வரிசை பெரிதாக மாறாது. வயிறும் சிறுநீரகமும் இதயமும் நன்றாக உள்ள ஒருவருக்குப் பாராசிட்டமாலும் அதோடு ஐபுபுரூஃபனோ செலிகாக்சிப்போ ஒன்றும்தான் முதல் தேர்வு. என் வீட்டு ஆட்களுக்கும் நான் அதையே கேட்பேன்.

பல் பிடுங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அமெரிக்கப் பல் மருத்துவர் சங்கம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் ஐபுபுரூஃபன் வகையைத்தான், தனியாகவோ பாராசிட்டமாலோடு சேர்த்தோ, முதலில் வைக்கிறது.

கேள்வி: மாத்திரையைவிட ஊசியும் டிரிப்பும்தானே நல்லது?

டிரிப் ஏற்றினால்தான் சிகிச்சை என்ற நம்பிக்கை நம் ஊரில் ஆழமாக இருக்கிறது. பாராசிட்டமால் டிரிப் 15 நிமிடத்தில் ஏறிவிடும், வேகம் உண்டு. ஆனால் ஒரு மணி நேரம் முன்னால் மாத்திரை விழுங்கியவருக்கு, ஆபரேஷன் முடியும்போது இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். விழுங்க முடிகிற நோயாளிக்கு டிரிப்பால் கூடுதல் வலி நிவாரணம் கிடைத்ததாக ஒப்பீட்டு ஆய்வுகள் பெரும்பாலும் காட்டவில்லை. மாத்திரை ஒன்றிரண்டு ரூபாய், டிரிப் பாட்டில் அதைப் போல பல மடங்கு. வாந்தி நிற்காதவருக்கும் அவசர ஆபரேஷனுக்கு வந்தவருக்கும் டிரிப் சரி. மற்றவர்கள் ‘மாத்திரைதான் கொடுத்தார்கள்’ என்று மனம் வருந்த வேண்டாம்.

கேள்வி: ராத்திரி முதல் பட்டினி. வெறும் வயிற்றில் தண்ணீரோடு மாத்திரை போடலாமா?

போடலாம். ஆபரேஷனுக்கு இரண்டு மணி நேரம் முன்பு வரை தெளிந்த தண்ணீர் குடிக்கலாம் என்பது உலகம் முழுவதும் ஏற்ற நடைமுறை. மாத்திரையோடு குடிக்கும் ஒரு மடக்குத் தண்ணீர் அதற்குப் பிறகும் பிரச்சினை ஆவதில்லை. லேசான சாப்பாட்டுக்கு 6 மணி நேரம் இடைவெளி வேண்டும். எண்ணெயும் இறைச்சியும் சேர்ந்த சாப்பாடு என்றால் அதற்கும் மேலே.

எது தெளிந்தது என்பதில்தான் குழப்பம். பால் சேர்க்காத கட்டன் காப்பியும் கட்டன் சாயாவும் தெளிந்த பானம்தான். பால் ஊற்றிவிட்டால் அது சாப்பாட்டுக் கணக்கு. கஞ்சித் தண்ணீரும் பதநீரும் சக்கை கலந்த பழச்சாறும் தெளிந்தவை அல்ல. சுக்குக் காப்பியில் பொடி மிதப்பதால் அன்று அதை விட்டுவிடுங்கள். ‘ஒரே ஒரு மட்டிப் பழம்தான் தின்றேன்’ என்று தியேட்டர் வாசலில் சொன்னால் ஆபரேஷன் தள்ளிப்போகும். மறைத்துவிட்டால் அதைவிட மோசம், மயக்கத்தில் வாந்தி நுரையீரலுக்குள் போகலாம்.

தினமும் காப்பி குடித்துப் பழகியவர்களுக்கு ஆபரேஷன் அன்று வரும் தலைவலி பெரும்பாலும் காப்பி இல்லாததால் வருவது. டாக்டர் அனுமதித்தால் இரண்டு மணி நேரத்துக்கு முன் ஒரு கட்டன் காப்பி அதற்கு நல்ல மருந்து. வலி மாத்திரையோடு சுமார் 100 மி.கி. காஃபீன் சேர்ந்தால் இன்னும் சிலருக்கு வலி நன்றாகக் குறைகிறது என்பதும் ஆய்வில் தெரிந்திருக்கிறது.

கேள்வி: காலை 7 மணிக்கு மாத்திரை கொடுத்தார்கள், என்னை உள்ளே கொண்டுபோனது 12 மணிக்கு. மருந்தின் வேகம் போயிருக்காதா?

நல்ல கேள்வி, இதை நீங்களே வாய் திறந்து கேட்க வேண்டும். பாராசிட்டமால் நான்கு முதல் ஆறு மணி நேரம்தான் நிற்கும். லிஸ்டில் உங்களுக்கு முன்னால் இருந்த ஆபரேஷன் நீண்டுவிட்டால், காலையில் போட்டது நீங்கள் விழிக்கும்போது தீர்ந்திருக்கும். எல்லாருக்கும் ஒரே நேரத்தில் மாத்திரை கொடுத்து முடிப்பது வார்டுக்கு வசதி, நோயாளிக்கு வசதி இல்லை என்பது என் கருத்து. பாராசிட்டமாலும் ஐபுபுரூஃபனும் ஒரு மணி நேரம் முன்னால், செலிகாக்சிப் இரண்டு மணி நேரம் முன்னால் என்பது நல்ல கணக்கு. மாத்திரை கொடுத்த நேரத்தை கேஸ் ஷீட்டில் எழுதியிருப்பார்கள். நீங்களும் போனில் குறித்து வையுங்கள். அடுத்த வேளை எப்போது என்பது அந்த நேரத்தை வைத்துத்தான்.

கேள்வி: வலி மாத்திரை போட்டால் ஆபரேஷனில் ரத்தம் கூடுதலாகப் போகுமா?

பாராசிட்டமாலாலும் செலிகாக்சிப், எட்டோரிகாக்சிப்பாலும் அந்தப் பயம் இல்லை. ஐபுபுரூஃபனும் டைக்ளோஃபெனாக்கும் ரத்தத் தட்டுகளைச் சிறிது நேரம் மந்தமாக்கும். ஐபுபுரூஃபனின் பாதிப்பு ஒரு நாளுக்குள் தீர்ந்துவிடும். சின்ன ஆபரேஷன்களில் இதனால் பெரிய தொல்லை வருவது அரிது. ஆனாலும் ரத்தம் கசியும் இடங்களில், உதாரணமாகத் தொண்டைச் சதை ஆபரேஷனில், சர்ஜன் வேண்டாம் என்று சொல்லலாம்.

ஆஸ்பிரின் கதை வேறு. அது தொட்ட ரத்தத் தட்டு அதன் ஆயுள் முடியும்வரை, 7 முதல் 10 நாள், பழைய நிலைக்கு வராது. அதற்காக இதயத்துக்குச் சாப்பிடும் 75 மி.கி. ஆஸ்பிரினையோ குளோபிடோகிரலையோ வார்ஃபரினையோ நீங்களாக நிறுத்திவிட்டு வராதீர்கள். ஸ்டென்ட் அடைத்துக்கொண்டால் ஹெர்னியாவைவிடப் பெரிய ஆபத்து. நிறுத்துவதா, எத்தனை நாள் என்பதை இதய டாக்டரும் சர்ஜனும் பேசி முடிவு செய்வார்கள். ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர் ஐபுபுரூஃபனும் போட்டால் ஆஸ்பிரினின் இதயப் பாதுகாப்பு குறையலாம் என்பதையும் கேட்டு வையுங்கள்.

கேள்வி: எனக்கு அல்சர் உண்டு. என்ன செய்வது?

குடற்புண் இந்த மாவட்டத்துக்குப் பழைய எதிரி. 1924-இல் எவரெஸ்ட் ஏறப் போன குழுவில் இருந்த ஹோவர்ட் சோமர்வெல் நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியில் பல ஆண்டுகள் சர்ஜனாக இருந்தார். இரைப்பை, முன்சிறுகுடல் ஆபரேஷனில் அவர் பெயர் பெற்றதற்குக் காரணம் அன்று தென் திருவிதாங்கூரில் அவ்வளவு பேர் அந்த நோயோடு வந்ததுதான். இன்று மருந்து இருக்கிறது, கத்தி தேவைப்படுவது குறைவு. ஆனால் வலி மாத்திரையால் வரும் புண் குறையவில்லை.

முன்பு அல்சர் வந்திருந்தால், கறுப்பாக மலம் போயிருந்தால், அதை முதலிலேயே சொல்லுங்கள். உங்களுக்குப் பாராசிட்டமால் தடையில்லை. அதற்கு மேலே தேவைப்பட்டால் செலிகாக்சிப்போடு, வயிற்று அமிலத்தைக் குறைக்கும் ஒமிப்ரசோல் அல்லது பான்டோப்ரசோல் சேர்த்து டாக்டர் கொடுக்கலாம். சாப்பிட்ட பிறகு போட்டால் புண் வராது என்று நினைப்பவர்கள் உண்டு. எரிச்சல் குறையலாம், ஆனால் புண் வரும் வாய்ப்பு முழுவதுமாகப் போகாது, ஏனென்றால் பாதிப்பு ரத்தம் வழியாகவும் வருகிறது.

கேள்வி: பிரஷர், சுகர், கிட்னி பிரச்சினை உள்ளவர்கள்?

முட்டத்திலிருந்து ஹெர்னியா ஆபரேஷனுக்கு வந்த ஒரு பாட்டா, தினமும் என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டதும் மடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்துக் கொடுத்தார். உள்ளே கத்திரிக்கோலால் இரண்டு இரண்டாக வெட்டிய மாத்திரை அட்டைத் துண்டுகள். ஒன்றின் முதுகில் மருந்தின் பெயரில் கடைசி மூன்று எழுத்து மட்டும் மிஞ்சியிருந்தது. இன்னொன்றில் பாதி விலை. மூன்றாவதில் வெறும் வெள்ளித் தாள். ‘வெள்ளை பிரஷருக்கு, சின்னது நீர் போக, இது முட்டு வலிக்குக் கடையில் தந்தது மக்களே’ என்றார். வீட்டிலிருந்து மருமகள் சீட்டைப் படமெடுத்து அனுப்பிய பிறகுதான் முழுதும் தெரிந்தது. பிரஷருக்கு டெல்மிசார்டன், அதோடு நீர் மாத்திரை, முட்டு வலிக்கு அசெக்ளோஃபெனாக் கலந்த மாத்திரை.

இந்த மூன்றும் ஒன்று சேர்வது சிறுநீரகத்துக்குப் பெரிய அடி. எனலாப்ரில், டெல்மிசார்டன், லோசார்டன் போன்ற பிரஷர் மாத்திரைகள் ஒரு பக்கம், நீர் மாத்திரை ஒரு பக்கம், வலி மாத்திரை ஒரு பக்கம் என்று மூன்று பக்கமும் இழுத்தால் சிறுநீரகத்துக்கு ரத்தம் போதாமல் போகும். அதோடு ஆபரேஷன் பட்டினியால் உடம்பில் நீர் குறைந்தால் இன்னும் மோசம். வெயிலில் ரப்பர் தோட்டத்தில் நிற்பவர்களும் நாட்கணக்கில் கடலில் கிடந்து கரை திரும்பியவர்களும் ஏற்கனவே நீர் வற்றித்தான் வருகிறார்கள். கடலிலிருந்து வந்த மறுநாளே ஆபரேஷனுக்கு வராமல், ஒன்றிரண்டு நாள் நன்றாகத் தண்ணீர் குடித்துவிட்டு வருவது நல்லது.

அந்தப் பாட்டாவுக்கு மயக்க டாக்டர் பாராசிட்டமால் மட்டும் கொடுத்தார், தைக்கும் இடத்தில் சர்ஜன் மரப்பு ஊசி போட்டார். அதுவே போதுமானதாக இருந்தது. வயதானவர்களும் சுகர் நீண்ட நாள் உள்ளவர்களும் ஆபரேஷனுக்கு முன் கிரியேட்டினின் (சிறுநீரகத்துக்கான ரத்தப் பரிசோதனை) பார்க்காமல் ஐபுபுரூஃபன் வகையை விழுங்க வேண்டாம்.

மருந்துக் கடையில் ஒரு கோரிக்கை வையுங்கள்: அட்டையை வெட்டும்போது பெயரும் தேதியும் உள்ள பக்கத்தைக் கொடுக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் முழு அட்டை வாங்குங்கள்.

கேள்வி: வலி வரக்கூடாது என்று வீட்டிலேயே ஒரு மாத்திரை போட்டுவிட்டு வந்தேன். தப்பா?

தப்பு என்று திட்ட மாட்டேன், ஆனால் கட்டாயம் சொல்ல வேண்டும். ஒரே மருந்து வேறு வேறு பெயரில் உள்ளே போய்விடும் என்பதுதான் பயம். டோலோ 650-இல் பாராசிட்டமால் 650 மி.கி. காம்பிஃபிளாமில் ஐபுபுரூஃபன் 400-ஓடு பாராசிட்டமால் 325. ஜீரோடால் பி-யில் அசெக்ளோஃபெனாக் 100-ஓடு பாராசிட்டமால் 325. அல்ட்ராசெட்டில் டிரமடால் 37.5-ஓடு பாராசிட்டமால் 325. இதில் எதைச் சேர்த்தாலும் பாராசிட்டமால் இரட்டிக்கும். காம்பிஃபிளாமும் ஜீரோடால் பி-யும் சேர்ந்தால் வயிற்றைப் புண்ணாக்கும் வகையும் இரட்டிக்கும், அதனால் வலி குறைவதில் ஒரு லாபமும் இல்லை. பெரியவர்களுக்கு ஒரு நாளில் எல்லா மாத்திரையிலும் சேர்த்துப் பாராசிட்டமால் 4 கிராமைத் தாண்டக் கூடாது. மெலிந்தவர்களுக்கும் வயதானவர்களுக்கும் கல்லீரல் கெட்டவர்களுக்கும் அதைவிடக் குறைவு.

பல மருந்துகளை ஒரே மாத்திரையில் கலந்து விற்பதை மத்திய அரசே அவ்வப்போது தடுத்து வருகிறது. 2024 ஆகஸ்டில் தடை செய்த 156 கலவைகளில் அசெக்ளோஃபெனாக் 50-ஓடு பாராசிட்டமால் 125 சேர்ந்த மாத்திரையும் ஒன்று.

கேள்வி: டிரமடால் கொடுத்தால் என்ன? நரம்பு வலிக்கு உள்ள மாத்திரையும் கொடுப்பார்களாமே?

டிரமடால் முன்கூட்டியே விழுங்கிய பலருக்கு ஆபரேஷனுக்குப் பிறகு தலை சுற்றும், குமட்டும். வலிப்பு நோய் உள்ளவருக்கு ஆபத்து. மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இரண்டும் மோதி நடுக்கமும் காய்ச்சலும் வரலாம். உடம்பு அதை மாற்றும் விதம் ஆளுக்கு ஆள் வேறு என்பதால் ஒருவருக்கு ஒன்றும் கேட்காது, இன்னொருவருக்கு மூச்சே மந்தமாகும். 2018 முதல் போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வருவதால் சீட்டில்லாமல் கேட்பதும் சரியல்ல. மற்றவை போதாதபோது இரண்டொரு வேளைக்கு எடுத்துவைக்க வேண்டிய மருந்து அது.

பிரிகாபலின், கபாபென்டின் இரண்டும் சில ஆண்டுகளுக்கு முன்புவரை ஆபரேஷனுக்கு முன் பரவலாகக் கொடுக்கப்பட்டன. 2020-இல் வந்த பெரிய தொகுப்பு ஆய்வு, அவற்றால் நோயாளி உணரும் அளவுக்கு வலி குறையவில்லை, தலைசுற்றல்தான் கூடியது என்று காட்டியது. சாயங்காலம் படியிறங்கி ஆட்டோவில் ஏற வேண்டியவருக்கு இது வேண்டாத சுமை. வயதானவர் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டால் டே கேர் ஆபரேஷன் எங்கே போய் நிற்கும்?

கேள்வி: வீசிங் உண்டு, அலர்ஜி உண்டு.

ஆஸ்துமா உள்ள சிலருக்கு ஆஸ்பிரினோ ஐபுபுரூஃபனோ டைக்ளோஃபெனாக்கோ மூச்சை அடைத்துவிடும். முன்பு எப்போதாவது வலி மாத்திரை போட்டதும் இழுப்பு வந்ததா, முகம் வீங்கியதா என்று நினைத்துப் பாருங்கள். மூக்கில் சதை வளர்ச்சியும் ஆஸ்துமாவும் சேர்ந்தவர்களுக்கு இது கூடுதல். பாராசிட்டமால் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும். சல்ஃபா மருந்துக்கு அலர்ஜி என்று சீட்டில் எழுதியிருந்தால் செலிகாக்சிப் எழுதும் முன் டாக்டருக்குக் காட்டுங்கள்.

கேள்வி: குழந்தைக்கு என்ன கொடுப்பார்கள்?

எடையை வைத்துத்தான் கணக்கு, வயதை வைத்து அல்ல. பாராசிட்டமால் கிலோவுக்கு 15 மி.கி., ஐபுபுரூஃபன் கிலோவுக்கு 10 மி.கி. வரை. பாராசிட்டமால் சிரப்பில் ஒரு பெரிய கண்ணி இருக்கிறது. 5 மில்லியில் 125 மி.கி. உள்ள பாட்டிலும் உண்டு, 250 மி.கி. உள்ள பாட்டிலும் உண்டு, சொட்டு மருந்தில் ஒரு மில்லிக்கே 100 மி.கி. 15 கிலோ குழந்தைக்கு வேண்டியது 225 மி.கி. என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் பாட்டிலில் அது 9 மில்லி, இரண்டாவதில் நாலரை மில்லி. போன தடவை போல ஒரு மூடி என்று ஊற்றினால் பாதியோ இரட்டையோ ஆகிவிடும். பாட்டிலைக் கையோடு கொண்டுவந்து காட்டுங்கள், மூடியால் அளக்காமல் ஊசி போடாத சிரிஞ்சால் அளந்து கொடுங்கள்.

12 வயதுக்குக் கீழே கோடீனும் டிரமடாலும் கூடாது. தொண்டைச் சதை எடுத்த பிள்ளைகள் கோடீன் கொடுத்த பிறகு மூச்சு நின்று இறந்ததால்தான் 2013-இல் அமெரிக்காவில் கடும் எச்சரிக்கை வந்தது. நிமெசுலைடு என்ற வலி மருந்தை 12 வயதுக்குக் கீழே கொடுப்பது நம் நாட்டில் 2011 முதல் தடை. ஆஸ்பிரினும் பிள்ளைகளுக்கு வலி மருந்தாக வேண்டாம்.

கேள்வி: கர்ப்பமாக இருக்கிறேன், அல்லது பால் கொடுக்கிறேன்.

கர்ப்பத்தில் பாராசிட்டமால்தான் முதல் தேர்வு. 20 வாரத்துக்குப் பிறகு ஐபுபுரூஃபன் வகை வேண்டாம். பால் கொடுப்பவர்களுக்குப் பாராசிட்டமாலும் ஐபுபுரூஃபனும் சரி. கோடீனும் டிரமடாலும் வேண்டாம்.

கேள்வி: கொஞ்சம் குடிப்பழக்கம் உண்டு. அதைச் சொல்ல வேண்டுமா?

சொல்ல வேண்டும், அதுவும் மனைவியையும் மகனையும் வெளியே நிறுத்திவிட்டாவது. தினமும் குடிப்பவருக்குப் பாராசிட்டமால் அளவு குறைய வேண்டும், ஐபுபுரூஃபன் வகையால் வயிற்றில் ரத்தக் கசிவு வரும் வாய்ப்பு கூடும், டிரமடாலும் மதுவும் சேர்ந்தால் மூச்சு மந்தமாகும். யாரும் உங்களை எடை போடுவதற்காகக் கேட்கவில்லை. எந்த மாத்திரை உங்களைக் கொல்லாது என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறோம்.

கேள்வி: வைத்தியர் தந்த கஷாயமும் வர்ம எண்ணெயும் தொடரலாமா?

குமரியில் வர்மமும் சித்தமும் ஆயுர்வேதமும் வீட்டோடு கலந்தவை, அதைச் சொல்ல யாரும் கூச்சப்பட வேண்டாம். வெளியே தேய்க்கும் எண்ணெயை ஆபரேஷன் செய்யும் இடத்தில் முந்தைய நாளே நிறுத்திவிடுங்கள். உள்ளே சாப்பிடும் கஷாயம், லேகியம், சூரணம் எதுவாக இருந்தாலும் பெயரோடு மயக்க டாக்டரிடம் சொல்லுங்கள். பூண்டு, இஞ்சி செறிவாகச் சேர்ந்தவை ரத்தம் உறைவதைக் கொஞ்சம் தாமதப்படுத்தலாம். எந்தப் பெயரும் இல்லாமல் பொட்டலத்தில் தரும் மூட்டு வலிப் பொடி இருந்தால் அதையும் எடுத்து வாருங்கள். அப்படிப்பட்ட பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பது பல தடவை பிடிபட்டிருக்கிறது.

கேள்வி: சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது வலியே இல்லை. மாத்திரை போட வேண்டுமா?

இந்த இடத்தில்தான் அதிகம் பேர் சிக்கிக்கொள்கிறார்கள். தைத்த இடத்தில் போட்ட மரப்பு ஊசி பல மணி நேரம் நிற்கும். காலை மாத்திரையும் கூட இருக்கும். ஆஸ்பத்திரியிலிருந்து குலசேகரத்துக்கோ கொல்லங்கோட்டுக்கோ போய்ச் சேரும்வரை ஒன்றும் தெரியாது. சோறு சாப்பிட்டு, மாத்திரை வேண்டாம் என்று படுப்பார்கள். ராத்திரி ஒரு மணிக்கு இரண்டும் ஒன்றாகத் தீர்ந்து வலி முழு வேகத்தில் வரும். அந்த நேரத்தில் மாத்திரை போட்டால் கேட்பதற்கு ஒரு மணி நேரம் ஆகும், அந்த ஒரு மணி நேரம் வீடே விழித்திருக்கும்.

அதனால் முதல் இரண்டு நாளும் வலி வருகிறதா என்று பார்க்காமல் மணி பார்த்துப் போடுங்கள். டாக்டர் வேறு எழுதவில்லை என்றால் பாராசிட்டமாலை ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை. ஐபுபுரூஃபனும் எழுதியிருந்தால் எட்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, சாப்பாட்டுக்குப் பிறகு. காலையில் எட்டோரிகாக்சிப் கொடுத்திருந்தால் அன்று ஐபுபுரூஃபனோ டைக்ளோஃபெனாக்கோ சேர்க்கக் கூடாது. மூன்றாம் நாள் முதல் தேவைக்கு மட்டும் போதும். மயக்க மருந்து வாங்கியவர் 24 மணி நேரம் பைக்கோ காரோ ஓட்ட வேண்டாம்.

கேள்வி: எப்போது உடனே திரும்பி வர வேண்டும்?

மாத்திரை நேரத்துக்குப் போட்டும் வலி கூடிக்கொண்டே போனால் அது வெறும் வலி அல்ல, உள்ளே ரத்தம் கட்டுவதாகவோ வேறு சிக்கலாகவோ இருக்கலாம். கறுப்பு மலம், ரத்த வாந்தி, மூச்சிழுப்பு, முகம் வீங்குதல், உடம்பெங்கும் தடிப்பு, எட்டு மணி நேரமாகச் சிறுநீர் போகாமை, தட்டி எழுப்பியும் எழாத தூக்கம் ஆகியவற்றில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். டிஸ்சார்ஜ் சீட்டில் உள்ள எண்ணுக்குக் கூப்பிடுங்கள். எடுக்கவில்லை என்றால் 108-ஐக் கூப்பிட்டு, பக்கத்தில் உள்ள அரசு ஆஸ்பத்திரிக்கோ ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜுக்கோ போங்கள். போட்ட மாத்திரைகளின் அட்டையை மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.

கேள்வி: மிச்சம் வந்த மாத்திரையை வைத்துக்கொள்ளலாமா?

பாராசிட்டமாலைத் தேதி பார்த்து வைத்துக்கொள்ளலாம். டிரமடால் மிச்சம் இருந்தால் வீட்டில் வைக்க வேண்டாம், அடுத்த ரிவ்யூவுக்கு வரும்போது கொண்டுவந்து வார்டில் கொடுத்துவிடுங்கள். எட்டோரிகாக்சிப்பை ‘முட்டு வலிக்கு இது நல்லா கேட்குது’ என்று பக்கத்து வீட்டு மாமிக்குக் கொடுக்காதீர்கள். அவருடைய பிரஷர் எவ்வளவு என்று உங்களுக்கும் தெரியாது, சிலநேரம் அவருக்கும் தெரிந்திருக்காது.